1849-இன் ஃபுளோரின்: கடவுள் பெயர் விடுபட்ட வெள்ளிக் காசு

கேள்வி இதுதான். பெரியப்பாவின் பழைய பெட்டியைப் பிரித்தபோது இந்திய ரூபாய்களுக்கு நடுவே ஒரு பிரிட்டிஷ் வெள்ளிக் காசு கிடைத்திருக்கிறது. ஒரு பக்கம் கிரீடம் வைத்த விக்டோரியா, 1849 என்ற ஆண்டு. மறுபக்கம் சிலுவைபோல நான்கு கேடயங்கள், சுற்றிலும் "ஒன் ஃபுளோரின்", "ஒன் டென்த் ஆஃப் எ பவுண்ட்" என்ற எழுத்துகள். காட்டிய கடையில் "இது காட்லெஸ் ஃபுளோரின், சாபம் பிடித்த காசு, அரசாங்கமே திரும்ப வாங்கி உருக்கிவிட்டது, ரொம்ப அபூர்வம்" என்று சொல்லியிருக்கிறார்கள். இது உண்மையா, ஏன் அந்தப் பெயர், வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக வைத்துக்கொள்ளலாம். கடைக்காரர் சொன்னதில் பெயர் மட்டும் சரி. உருக்கியதும் அபூர்வமும் கதை. ஆனால் அந்தக் கதைக்குப் பின்னால் நிஜமான ஒரு வரலாறு இருக்கிறது, அது கதையைவிட நன்றாக இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த காசு இது. பல வருடங்களாக ஒன்றை வைத்திருக்கிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் காசைக் கையில் எடுத்துப் பாருங்கள். விளிம்பைப் பிடித்து எடுங்கள், முகத்தைத் தொடாதீர்கள். நாம் சுண்டிவிடும்போது தலையா பூவா என்று கேட்போம் அல்லவா, இந்தக் காசில் பூப் பக்கத்தில் நிஜமாகவே பூ இருக்கிறது. நான்கு கேடயங்களும் சேரும் நடுப்புள்ளியில் ஒரு ரோஜா. கேடயங்கள் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கிரீடம். இரண்டில் இங்கிலாந்தின் மூன்று சிங்கங்கள், ஒன்றில் ஸ்காட்லாந்தின் நிமிர்ந்து நிற்கும் சிங்கம், ஒன்றில் அயர்லாந்தின் யாழ். கேடயங்களுக்கு இடையே உள்ள மூலைகளில் அந்த நாடுகளின் செடிகள்: ரோஜா, முள்செடியான திசில், மூன்று இலை கொண்ட ஷாம்ராக். 28 மில்லிமீட்டர் அகலத்துக்குள் இவ்வளவும் நெருக்கமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த அளவுகோல்தான் ஆச்சரியம்.

அப்புறம் தலைப் பக்கம். இடது பக்கம் பார்த்தபடி ராணி. அப்போது அவருக்கு வயது 30. பின்னல் போட்ட கூந்தல், பூவேலை செய்த மேலாடை, தலையில் கிரீடம். இந்தக் கிரீடம் சாதாரண விஷயமில்லை. இரண்டாம் சார்லஸ் காலத்தில், சுத்தியலால் அடித்துக் காசு செய்த கடைசி நாட்களுக்குப் பிறகு, கிரீடம் வைத்த தலையை இங்கிலாந்துக் காசில் யாரும் பார்க்கவில்லை. நடுவில் வந்த அரசர்கள் எல்லாம் ரோமானியப் பேரரசர்களைப்போல வெற்றுத் தலையோடோ இலைமாலையோடோதான் இருந்தார்கள். ஏறக்குறைய 180 வருடங்கள் கழித்துக் கிரீடம் திரும்பி வந்தது 1847-இன் கிரவுன் என்ற ஐந்து ஷில்லிங் காசிலும், அதைத் தொடர்ந்து இந்த ஃபுளோரினிலும்தான்.

செய்தவர்கள் இரண்டு பேர். தலைப் பக்கம் வில்லியம் வயன். பர்மிங்காமில் 1795-இல் பிறந்தவர், அச்சு வெட்டுவதையே தொழிலாகக்கொண்ட குடும்பம். 1828-இல் லண்டன் நாணயச்சாலையின் தலைமைச் செதுக்குநர் ஆனார். உலகின் முதல் அஞ்சல்தலையான 1840-இன் பென்னி பிளாக்கில் இருக்கும் ராணியின் தலை இவர் செய்த பதக்கத்திலிருந்து எடுத்ததுதான். நம் வீடுகளில் சிலர் இன்னும் வைத்திருக்கும் 1840-ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி ரூபாயில் இருக்கும் விக்டோரியா தலையும் இவருடையதே. ஆக, உங்கள் பெரியப்பாவின் பெட்டியில் அந்த ரூபாயும் இந்த ஃபுளோரினும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருந்தால், ஒரே கைவேலைதான் இரண்டிலும்.

பூப் பக்கம் வில்லியம் டைஸ். இவர் அச்சு வெட்டுபவர் இல்லை, ஓவியர். ஸ்காட்லாந்தின் அபர்டீன்காரர். 1834-இல் தீயில் எரிந்துபோன பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடத்தை அப்போது திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இடைக்காலத்துக் கோதிக் பாணிதான் வேண்டும் என்று முடிவு செய்து, கூரான வளைவுகளும் கல்லில் பூவேலையுமாக எழுப்பினார்கள். அதன் உள்ளே சுவரோவியம் வரைந்தவர்களில் டைஸ் முக்கியமானவர். ஆர்தர் மன்னன் கதையை அங்கே வரைந்துகொண்டிருந்த அதே கைதான் இந்தக் கேடயங்களையும் வரைந்தது. இந்தக் காசில் பழைய தேவாலயத்துக் கண்ணாடி ஜன்னலைப் பார்ப்பதுபோல ஒரு உணர்வு வருகிறது என்றால் காரணம் அதுதான். ஊரே கோதிக் மோகத்தில் இருந்த பத்தாண்டு அது.

சரி, அழகு போதும். இந்தக் காசை ஏன் அடித்தார்கள் என்பதுதான் என் பார்வையில் முக்கியமான கேள்வி. எல்லோரும் அதில் விடுபட்ட எழுத்துகளைப் பற்றியே பேசுகிறார்கள். இருக்கும் எழுத்துகளை யாரும் சரியாகப் படிப்பதில்லை. "ஒன் டென்த் ஆஃப் எ பவுண்ட்". ஒரு பவுண்டில் பத்தில் ஒரு பங்கு. இந்தக் காசு பிறந்ததே அந்த ஒரு வரிக்காகத்தான்.

அன்றைய பிரிட்டிஷ் கணக்கை நினைத்துப் பாருங்கள். 4 ஃபார்திங் ஒரு பென்னி. 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. அதாவது பவுண்டுக்கு 240 பென்ஸ், 960 ஃபார்திங். நம் பாட்டன்மார் 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஒரு அணா, ரூபாய்க்கு 192 பை என்று கணக்குப் போட்டார்களே, கிட்டத்தட்ட அதே தலைவலி. பழகியவர்களுக்குச் சுலபம், பழகாதவர்களுக்கு நரகம். மூன்று பவுண்டு ஏழு ஷில்லிங் ஐந்தேகால் பென்ஸை ஒன்பதால் பெருக்கச் சொன்னால் பள்ளிக்கூடத்துப் பையன் அழுதுவிடுவான்.

இதை மாற்ற வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் விடாமல் பேசியவர் ஜான் பௌரிங். போல்டன் தொகுதி உறுப்பினர், பல மொழிகள் தெரிந்தவர், பின்னாளில் ஹாங்காங் ஆளுநராக இருந்தவர். 1847-இல் பத்தின் மடங்கில் காசு வேண்டும், பவுண்டில் பத்தில் ஒரு பங்குக்கும் நூற்றில் ஒரு பங்குக்கும் புதுக் காசுகள் அடிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அரசாங்கம் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை, முழுதாகத் தள்ளவும் இல்லை. பத்தில் ஒரு பங்குக் காசு ஒன்றை அடித்துப் பார்க்கிறோம் என்று வாக்குக் கொடுத்தது. அவரும் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த வாக்குதான் உங்கள் கையில் இருக்கும் காசு.

என்ன பெயர் வைப்பது என்பதிலேயே ஒரு வருடம் போயிற்று. 1848-இல் அடித்த மாதிரிக் காசுகளில் செண்டம், டெகேட், டைம் என்றெல்லாம் வெவ்வேறு பெயர்கள் பொறித்துப் பார்த்தார்கள். கடைசியில் ஜெயித்தது ஃபுளோரின். இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரம் 1252 முதல் அடித்த தங்கக் காசின் பெயர் அது. இங்கிலாந்திலேயே மூன்றாம் எட்வர்ட் 1344-இல் ஃபுளோரின் என்று ஒரு தங்கக் காசு வெளியிட்டு, அது சில மாதங்கள்கூட ஓடாமல் நின்றுபோனது. பழைய வாசனை உள்ள பெயர், ஐரோப்பா முழுக்கத் தெரிந்த பெயர். அதனால் இதையே வைத்தார்கள்.

மதிப்பு இரண்டு ஷில்லிங். எடை 11.3 கிராம், ஆயிரத்தில் 925 பங்கு சுத்த வெள்ளி. இங்கே ஒரு சின்ன ஒப்பீடு சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே காலத்து இந்திய ரூபாய் 180 கிரெயின், அதாவது ஒரு தோலா, 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. கணக்குப் போட்டால் ரூபாயில் சுத்த வெள்ளி 10.7 கிராம், ஃபுளோரினில் 10.5 கிராம். கிட்டத்தட்ட சமம். அன்றைக்கு ரூபாயின் மாற்று விகிதமும் ஏறக்குறைய இரண்டு ஷில்லிங்தான், பவுண்டுக்குப் பத்து ரூபாய் என்று வாய்க்கணக்குச் சொல்வார்கள். 1870-களில் வெள்ளி விலை சரிந்து அந்த விகிதம் உடைந்தது. அதற்கு முன்பு கப்பலில் வந்து இறங்கும் வெள்ளைக்காரர் ஒருவர் ரூபாயைக் கையில் வாங்கினால், ஊரில் விட்டுவந்த ஃபுளோரினைத் தொட்டதுபோலத்தான் இருந்திருக்கும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ரூபாய் அதன் வெள்ளிக்காகவே மதிப்புப் பெற்ற காசு. பிரிட்டனிலோ 1816-க்குப் பிறகு தங்கம்தான் அடிப்படை. ஒரு ட்ராய் பவுண்டு (இது பணம் இல்லை, வெள்ளி தங்கம் நிறுக்கும் எடை) வெள்ளியை 66 ஷில்லிங்காக அடித்தார்கள். வெள்ளிக் காசு சில்லறைக்கு மட்டும். 40 ஷில்லிங்குக்கு மேல் வெள்ளியில் கொடுத்தால் வாங்க மறுக்கலாம்.

இப்போது பெயருக்கு வருவோம்.

1849-இல் காசு வெளிவந்ததும் மக்கள் முதலில் பார்த்தது விடுபட்டதைத்தான். மற்ற காசுகளில் அரசியின் பெயரோடு லத்தீனில் "டெய் கிராசியா", கடவுளின் அருளால், என்று இருக்கும். கூடவே "ஃபிதெய் டெஃபென்ஸார்", சமயத்தின் காவலர். இடம் போதாதபோது டி.ஜி., எஃப்.டி. என்று சுருக்கிப் போடுவார்கள். இந்தக் காசிலோ "விக்டோரியா ரெஜினா 1849", அவ்வளவுதான். அரசி விக்டோரியா, முடிந்தது. கடவுளும் இல்லை, அருளும் இல்லை. "காட்லெஸ்", "கிரேஸ்லெஸ்" என்று இரண்டு பட்டப்பெயர்கள் உடனே ஒட்டிக்கொண்டன.

கடவுளின் அருளால் என்ற சொல் மூன்றாம் எட்வர்டின் தங்கக் காசுகளிலேயே, அதாவது 14-ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. ஐந்நூறு வருடப் பழக்கம். சமயக் காவலர் பட்டத்தின் கதை வேறு. அதை 1521-இல் போப் பத்தாம் லியோ எட்டாம் ஹென்றிக்குக் கொடுத்தார். அதே ஹென்றி பின்னால் போப்பை விட்டே விலகியபோதும் பட்டத்தை மட்டும் விடவில்லை. ஆனால் காசில் அந்த எழுத்துகள் ஏறியது 1714-இல் வந்த முதலாம் ஜார்ஜ் காலத்தில்தான்.

பழி யார் மேல் விழுந்தது? நாணயச்சாலையின் தலைவர் ரிச்சர்ட் லேலர் ஷீல் மேல். அவர் அயர்லாந்துக்காரர், நாடகங்கள் எழுதியவர், சிறந்த பேச்சாளர். கத்தோலிக்கர்களுக்கு நாடாளுமன்ற உரிமை வாங்கிக்கொடுத்த போராட்டத்தில் டேனியல் ஓ'கானலோடு நின்றவர். தானும் கத்தோலிக்கர். இது போதாதா? "போப்பின் ஆள் நாணயச்சாலையில் உட்கார்ந்துகொண்டு, நம் ராணியை சமயக் காவலர் என்று சொல்ல மனமில்லாமல் வேண்டுமென்றே எடுத்துவிட்டான்" என்று பேசினார்கள். எனக்கு இந்தக் குற்றச்சாட்டில் துளியும் நம்பிக்கை இல்லை. டி.ஜி. என்பதை எடுக்க ஒரு கத்தோலிக்கருக்கு என்ன காரணம் இருக்க முடியும்? கடவுளின் அருளை அவரும்தானே நம்புகிறார். எழுத்துகளைக் குறைத்தால் படம் பளிச்சென்று தெரியும் என்ற வடிவமைப்பு எண்ணமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அந்தக் காசைப் பாருங்கள், ராணியின் பெயரைச் சுற்றி எவ்வளவு காற்று இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. மேலே சொன்ன 1840 ரூபாயில் என்ன எழுதியிருக்கிறது? "விக்டோரியா குயீன்". அதிலும் கடவுள் இல்லை, சமயமும் இல்லை. அதற்குப் பிறகு வந்த 1862 ரூபாயிலும் அதே இரண்டு சொற்கள்தான். இந்தியாவில் பல கோடி காசுகள் அப்படியே ஓடின, லண்டனில் யாரும் அதற்காகக் கூச்சல் போட்டதில்லை. சொந்த வீட்டுக் காசு என்றதும்தான் கோபம் வந்தது.

சாபம் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அந்த வருடத்தை நினைத்துப் பார்த்தால் புரியும். 1848-இலும் 49-இலும் பிரிட்டனைக் காலரா உலுக்கியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் 50,000-க்கும் மேல் இறந்தார்கள். ஏன் வருகிறது, எப்படிப் பரவுகிறது என்று யாருக்கும் தெரியாது. மருத்துவர் ஜான் ஸ்னோ அதே 1849-இல்தான் இது தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்று எழுதினார், அப்போது யாரும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. தெருவில் பிணம் போய்க்கொண்டிருக்கும்போது, கையில் இருக்கும் புதுக் காசில் கடவுளின் பெயரைக் காணோம் என்றால், சிலர் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். எனக்கு அவர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. அம்மை வந்தால் மாரியம்மன் கோபம் என்று வேப்பிலை கட்டிய ஊரிலிருந்து வந்தவன் நான். பயத்துக்கு ஒரு முகவரி வேண்டும், அவ்வளவுதான். ஆனால் உங்கள் காசில் சாபம் எதுவும் இல்லை என்று உறுதியாகச் சொல்கிறேன். தைரியமாக அலமாரியில் வையுங்கள்.

ஷீல் 1850-இல் நாணயச்சாலையை விட்டு விலகி, டஸ்கனி நாட்டுக்கு பிரிட்டிஷ் தூதராகப் போனார். டஸ்கனியின் தலைநகரம் ஃபுளோரன்ஸ். ஃபுளோரினால் பெயர் கெட்ட மனிதர் ஃபுளோரின் பிறந்த ஊருக்கே போய்ச் சேர்ந்து, 1851-இல் அங்கேயே இறந்துபோனார். இதைப் படித்த நாளில் எனக்கு மனசு கனத்தது. இருபது வருடம் ஒரு மக்களின் உரிமைக்காகப் பேசிய குரல், கடைசியில் நான்கு எழுத்துகளுக்காக நினைவுகூரப்படுகிறது. அவருக்குப் பிறகு அந்தப் பதவி அரசியல்வாதிகளிடமிருந்து போய்விட்டது. அடுத்து வந்தவர் வானியலாளர் ஜான் ஹெர்ஷல். அவரும் தசமக் காசுக்கு முழு ஆதரவாளர் என்பது ஒரு ஆறுதல்.

அரசாங்கம் காசைத் திரும்ப வாங்கி உருக்கியதா? இல்லை. 4 லட்சத்துக்கும் சற்று அதிகமான காசுகள் அடித்தார்கள், அவை வழக்கம்போல் புழங்கித் தேய்ந்தன. அதனால்தான் இன்றைக்கும் ஓரளவு எளிதாகக் கிடைக்கின்றன. 1849 என்ற ஒரே ஆண்டுதான், அதனால் ஒவ்வொரு சேகரிப்பாளருக்கும் ஒன்று தேவைப்படுகிறது. அந்தத் தேவைதான் விலையைத் தாங்கிப் பிடிக்கிறது. 1848 தேதி போட்டது கிடைத்தால் அது புழங்கிய காசு இல்லை, மாதிரிக் காசு. அதுதான் நிஜமான அபூர்வம்.

நடந்தது என்னவென்றால், வடிவத்தை மாற்றினார்கள். 1851-ஐத் தாங்கி வந்தது மிகச் சொற்பம், 1852 முதல் புது ஃபுளோரின் தாராளமாக வந்தது. அகலம் 28-இலிருந்து 30 மில்லிமீட்டர். எடை அதேதான், எனவே கொஞ்சம் மெலிந்தது. எழுத்துகள் எல்லாம் இடைக்காலத்துக் கையெழுத்துப் பிரதிபோலக் கோணல் மாணலான கோதிக் எழுத்துகள். ஆண்டைக்கூட ரோமன் எண்களில் போட்டார்கள். 1852 என்பது எம்.டி.சி.சி.சி.எல்.ஐ.ஐ. சந்தையில் காய்கறி விற்பவர் அதைப் படித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. டி.ஜி.யும் எஃப்.டி.யும் பத்திரமாகத் திரும்பி வந்தன. சேகரிப்பாளர்கள் இதைக் கோதிக் ஃபுளோரின் என்பார்கள். 1887 வரை ஓடியது. 1868-லிருந்து அதில் "பிரிட்" என்பதில் இரண்டு டி போட்டார்கள். லத்தீன் சுருக்கத்தில் கடைசி எழுத்தை இரட்டித்தால் பன்மை. பிரிட்டன்களின் ராணி, அதாவது கடல் கடந்த நாடுகளும் சேர்த்து. ஒரு எழுத்தில் பேரரசு.

உருவில் 1849-இன் காசுதான் எனக்கு உசத்தி. கோதிக் ஃபுளோரினில் அலங்காரம் கூடியது, படிப்பது கடினமானது. டைஸும் வயனும் 1847-இல் செய்த கோதிக் கிரவுனைப் பார்த்தால், அந்த எழுத்து பெரிய காசில் எவ்வளவு கம்பீரம் என்று தெரியும். 38 மில்லிமீட்டர் அகலத்தில் அதற்கு மூச்சுவிட இடம் இருந்தது. அடித்தது வெறும் 8,000. அது புழங்குவதற்கு என்பதைவிடப் பார்த்து ரசிப்பதற்கு என்றே சொல்லலாம். அந்த எழுத்தை 30 மில்லிமீட்டருக்குள் திணித்தபோது நெருக்கடி ஆகிவிட்டது. இது என் ரசனை, மாற்றுக் கருத்து உள்ளவர்கள் நிறையப் பேர் உண்டு.

வயன் இந்த மாற்றத்தோடு அதிக நாள் இல்லை. 1851 அக்டோபரில் இறந்தார். மகன் லியனார்ட் சார்லஸ் வயன் வேலையைத் தொடர்ந்தார்.

அந்த "பத்தில் ஒரு பங்கு" என்ன ஆயிற்று? அங்கேதான் எனக்கு இந்தக் காசின் மேல் இவ்வளவு பிரியம். பௌரிங்கின் திட்டத்தில் பவுண்டை ஆயிரமாகப் பிரிக்க வேண்டும், ஒவ்வொன்றும் ஒரு மில். பழைய ஃபார்திங் பவுண்டில் 960-இல் ஒரு பங்கு. மில் 1,000-த்தில் ஒரு பங்கு. வித்தியாசம் நூற்றுக்கு நாலு. கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் ஒரு பென்னி என்பது நாலு மில்லும் மீதி ஒரு ஆறில் ஒரு பங்கும். பென்னி தபால்தலை, ஒரு பென்னி ரொட்டி, ஒரு பென்னி சுங்கம், எதையும் முழு எண்ணில் சொல்ல முடியாது. நாலு மில் வாங்கினால் அரசுக்கு நஷ்டம், ஐந்து வாங்கினால் ஏழைக்கு நஷ்டம். 1957-இல் நம் ஊரில் நயா பைசா வந்தபோது ஒரு அணாவுக்கு ஆறேகால் பைசா என்று கடைக்குக் கடை சண்டை நடந்ததைப் பெரியவர்கள் சொல்வார்கள், அதே கதை. 1853-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று தசமக் காசுக்குச் சரி என்றது. ஆனால் அதற்குப் பிறகு அமைத்த ஆணையம் 1859-இல் வேண்டாம் என்று முடித்துவிட்டது. லண்டன் தயங்கிக்கொண்டே இருக்க, அதன் ஆட்சியில் இருந்த இலங்கையில் 1872-லேயே ரூபாயை நூறு சதமாகப் பிரித்துக்கொண்டார்கள்.

தசமத் திட்டத்துக்குத் துணையாக வந்த காசு தனியாக மாட்டிக்கொண்டது. இரண்டு ஷில்லிங்குக்கு ஃபுளோரின், இரண்டரை ஷில்லிங்குக்கு அரைக் கிரவுன். அரைக் கிரவுனை ஒழித்தால் ஃபுளோரின் நிலைக்கும் என்று 1850-க்குப் பிறகு அதை அடிப்பதை நிறுத்தினார்கள். தசமத் திட்டம் படுத்துவிட்டதால் 1874-இல் திரும்ப ஆரம்பித்தார்கள். அதன்பிறகு நூறு வருடம் இரண்டும் ஒரே பையில் குலுங்கின. 1887-இல் நாலு ஷில்லிங்குக்கு இரட்டை ஃபுளோரின் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். அது ஐந்து ஷில்லிங் கிரவுனுக்கு மிக அருகில், 36 மில்லிமீட்டர். இரண்டிலும் மதிப்பு எழுதவில்லை. மதுக்கடைப் பெண்கள் மாற்றி வாங்கிக் கைக்காசை இழந்தார்கள் என்று அதற்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. 1890-உடன் அது முடிந்தது.

காசின் மேல் உள்ள சொற்களைத் தொடர்ந்து பார்த்தாலே கனவு எப்படிக் கரைந்தது என்று தெரிகிறது. 1849 முதல் 1887 வரை "பவுண்டில் பத்தில் ஒரு பங்கு". 1887-இன் பொன்விழாக் காசில் மதிப்பே இல்லை. 1893-லிருந்து "ஒரு ஃபுளோரின், இரண்டு ஷில்லிங்". பத்தைப் பற்றிப் பேச்சே இல்லை, பழைய ஷில்லிங் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. வெள்ளியும் கரைந்தது. 1920-இல் பாதி வெள்ளியாக்கினார்கள், 1947-லிருந்து செம்பும் நிக்கலும் மட்டும்.

ஆனால் காசு பொறுமையானது. 1971 பிப்ரவரி 15 அன்று பிரிட்டன் கடைசியில் தசமத்துக்கு மாறியபோது, பழைய காசுகளில் ஒவ்வொன்றாக விழுந்தன. அரைக் கிரவுன் அதற்கு முன்பே போய்விட்டது. ஃபுளோரினுக்கு மட்டும் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. பவுண்டு நூறு புதுப் பென்ஸ் ஆனதும் அது தானாகவே பத்துப் பென்ஸ். 1968-இல் வந்த புதுப் பத்துப் பென்ஸை அதே அளவு, அதே எடையில்தான் செய்தார்கள், இரண்டும் சேர்ந்தே ஓடின. நம் எட்டணா 50 பைசாவாக ஓடியதுபோல. பத்துப் பென்ஸைச் சிறியதாக்கிய பிறகு, 1993 ஜூன் 30-உடன்தான் ஃபுளோரின் விடைபெற்றது. பௌரிங் சரியாகத்தான் சொன்னார். 124 வருடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டார்.

இனி உங்கள் காசு. ஒரு துல்லியமான தராசில் வைத்துப் பாருங்கள். நன்றாகத் தேயாத காசு 11.3 கிராமுக்குப் பக்கத்தில் நிற்கும், தேய்ந்தது கொஞ்சம் குறையும். பல கிராம் குறைந்தாலோ காந்தம் ஒட்டினாலோ சந்தேகப்படுங்கள். விளிம்பைச் சுற்றி நெருக்கமான நேர்வரிகள் ஒரே சீராக இருக்க வேண்டும். அச்சில் வார்த்த போலிகளில் அங்கேதான் பல் விட்டுப்போய் ஒரு கோடு தெரியும். மேலே எங்காவது வளையம் பற்றவைத்த தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் பக்கத்தில் பழைய ராணிக் காசுகளைத் தாலிக்கொடியிலும் காசுமாலையிலும் கோத்த வழக்கம் உண்டு, பிறகு வளையத்தை எடுத்து அரம் போட்டு விற்பார்கள்.

தேய்மானம் முதலில் தெரியும் இடங்கள் ராணியின் கன்னம், காதுக்கு மேல் உள்ள கூந்தல், பூப் பக்கத்தில் நடு ரோஜா. ரோஜாவின் இதழ்கள் தனித்தனியாகத் தெரிந்தால் நல்ல காசு. சிங்கங்கள் மூன்றும் ஒரே கட்டியாகத் தெரிந்தால் நிறையக் கை மாறிய காசு.

ஒரு வேண்டுகோள். கருத்திருக்கிறது என்று திருநீறு போட்டோ புளி போட்டோ பேஸ்ட் போட்டோ தேய்த்துவிடாதீர்கள். வெள்ளிக் குத்துவிளக்குக்கு அது சரி. காசின் மேல் இருக்கும் அந்தக் கருமைதான் 170 வருடத்து மேல்தோல். ஒருமுறை தேய்த்தால் பளபளக்கும், ஆனால் நுண்ணிய கீறல்கள் விழுந்து மதிப்பில் பாதி போய்விடும். நானே ஆரம்ப நாட்களில் ஒரு நல்ல ஷில்லிங்கை இப்படிக் கெடுத்திருக்கிறேன், இன்றும் அதைப் பார்க்கும்போது வயிறு எரியும். பிவிசி பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், பச்சை பிடிக்கும். அமிலம் இல்லாத காகித உறையே போதும்.

கடைசியாக ஒன்று செய்யுங்கள். மாலையில் ஜன்னல் ஓரம், வெயில் சாய்வாக விழும் இடத்தில், ஒரு பூதக்கண்ணாடியோடு உட்காருங்கள். ராணியின் முதுகுக்குப் பின்னால், வட்டக்கோட்டை ஒட்டி, இரண்டு மிகச் சிறிய எழுத்துகளைத் தேடுங்கள்: டபிள்யூ.டபிள்யூ. வில்லியம் வயனின் கையொப்பம். சில காசுகளில் முழுதாகத் தெரியும், சிலவற்றில் அந்தக் கோடு எழுத்துகளின் மேலேயே ஏறிப் பாதியை விழுங்கியிருக்கும். இரண்டு வகைக்கும் பட்டியலில் தனித்தனி எண் உண்டு. என்னுடையது கோடு விழுங்கிய வகை. உங்களுடையது எது என்று பார்த்துச் சொல்லுங்கள்.